அண்ணனுதுன்னு சொல்லிவிட்ட பாட்டு

அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காலேஜ் பஸ்ஸில் போடுகிறார்கள். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் காலையில் சாமி பாட்டு முடிந்ததும் அதைத்தான் போடுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து இலைக்காரியின் கைப்பையிலிருந்து அந்தப் பாட்டு கிளம்புகிறது. போன் வந்தால் அதுதான் அடிக்குமாம். அவள் துழாவி எடுத்துப் பேசுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் போகிற ஒருத்தன், தான் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றிய பாட்டு. அதைப் பாடுவது என் பெரிய மகன். கட்டியது என் சின்ன மகன். ஆனால் பாட்டுக்குக் கீழே, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று இடத்திலும் பெரியவன் பெயர்தான் வருகிறது. நான் மூணாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் மூன்று இடத்திலும் நிதானமாகவே படித்தேன்.

இதை நானேதான் எழுதுகிறேன். பிழையைப் பக்கத்து வீட்டு டீச்சர் திருத்தித் தருகிறார். வார்த்தையை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் கண்டக்டர். காரைக்காலுக்கும் மாயவரத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் தலை நரைக்கிற வரைக்கும் நின்றவர். விசில் வைத்திருந்தார், ஊதுவதில்லை. வாயாலேயே ‘போலாம் ரைட்’ என்பார், பஸ் நகரும். அப்படி ஒரு குரல். அந்தக் குரல் அப்படியே பெரியவனுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் அவனைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். சின்னவனுக்குக் குரல் வரவில்லை, காது வந்தது. தெருவில் பஸ் போனால் உள்ளே இருந்தபடியே, இது அப்பா பஸ்ஸு, இது இல்லை என்று சொல்லிவிடுவான். அதைக் கேட்க யாரும் மேடை போடுவதில்லை.

காலேஜில் படிக்கும்போது இரண்டு பேரும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பேண்டு ஆரம்பிக்கப் போகிறோம் என்றார்கள். நான் கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு என்று நினைத்தேன். சரி, முகூர்த்த நாளில் வேலைக்குப் பஞ்சம் இருக்காது என்று சந்தோஷப்பட்டேன். இது ராக். பெரியவன் பாட்டு. சின்னவன் நாலு கம்பி போட்ட கிடார், பேஸ் என்பார்கள். திருவேட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பிள்ளை ஆறு கம்பி கிடார். டிரம் அடிப்பது பட்டினத்துப் பிள்ளை. திருமலைராயன்பட்டினத்தை நாங்கள் பட்டினம் என்றுதான் சொல்வோம். அவன் வாப்பா அங்கே கடை வைத்திருக்கிறவர். வீட்டில் இந்தச் சத்தம் ஆகாது என்று, டிரம் மொத்தத்தையும் கொண்டுவந்து எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டான்.

கொட்டகை பூரா முட்டை அட்டை ஒட்டினார்கள், சத்தம் வெளியே போகாதாம். போனது. எதிர்வீட்டுக்காரர் வந்து, மாடியில் என்ன லாரி ரிப்பேரா என்று கேட்டார். என் பிள்ளைங்க பாடுதுங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எனக்கும் அது லாரி ரிப்பேர் மாதிரிதான் இருந்தது. அதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.

சின்னவன் வாசிக்கிறது எனக்கு ரொம்ப நாள் கேட்கவே இல்லை. மற்ற மூன்று சத்தமும் கேட்கும், இவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. அப்புறம் ஒரு நாள் அடுப்படியில் நிற்கும்போது பிடிபட்டது. ஸ்டாண்டில் அடுக்கின எவர்சில்வர் தட்டெல்லாம் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் நிறுத்தினால் தட்டு நிற்கும். தட்டு நின்றுவிட்டால், மேலே மற்றவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பாட்டு காலில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அதிலிருந்து நான் அவனைத் தட்டில்தான் கேட்டேன்.

பொங்கல் சமயத்தில் கடற்கரைச் சாலையில் ஒரு தடவை அவர்களைப் பாட விட்டார்கள். போய்ப் பார்த்தேன். வெளிச்சமெல்லாம் பெரியவன் மேல். சின்னவன் டிரம்முக்குப் பக்கத்தில் அரை இருட்டில் குனிந்த தலை நிமிராமல் நின்றான். எனக்குப் பின்னால் ஒரு பெண், அந்த ஓரத்துல நிக்கிறவன் எதுக்கு நிக்கிறான் என்று கேட்டாள். கரண்டு பாக்குறவனா இருக்கும் என்றான் அவள் புருஷன். என் பிள்ளை பகலில் கரண்டு வேலைதான் செய்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. அவர்கள் பாடினதில் பாதிக்கு மேல் சின்னவன் கட்டினது. யார் கட்டினது என்று யாரும் கேட்கவில்லை. பேண்டுப் பாட்டு என்றால் பேண்டுப் பாட்டு, அவ்வளவுதான்.

பிறகு பெரியவன் பாட வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போனான். அவன் போன கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விடும் என்று பயந்தோம். பேச்சு போகவில்லை, மனுசர்கள்தான் மறந்துபோனார்கள். என்னைத் தெரியவில்லை, பிள்ளைகளைத் தெரியவில்லை. பஸ் மட்டும் ஞாபகம் இருந்தது. இரும்புக் கட்டிலில் படுத்தபடியே கோட்டுச்சேரி, பூவம், பொறையார் என்று வரிசை தப்பாமல் கூப்பிடுவார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றால், வழியில நிக்காதீங்க, உள்ள போங்க என்பார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, நீங்க எங்கம்மா இறங்கணும் என்று கேட்டார். எங்க வீட்டுலதாங்க என்றேன். அங்கெல்லாம் நிக்காது என்று சொல்லிவிட்டார்.

கேட்டால் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

சின்னவன்தான் அவரைப் பார்த்துக்கொண்டான். வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மத்தியானமே வந்துவிடுவான். சோறு ஊட்டுவான், வாயைத் துடைப்பான், திருப்பிப் படுக்க வைப்பான். அப்பாவுக்கு மத்தியானத்தில்தான் தவிப்பு அதிகம். பஸ் ஏன் நிக்குது, ஏன் எடுக்கல என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். என்ன சொன்னாலும் அடங்க மாட்டார். ஒரு நாள் சின்னவன் மாடியிலிருந்து அந்த நாலு கம்பிக் கிடாரை எடுத்துவந்தான். கரண்டில் சொருகாமல் வாசித்தால் அதற்குச் சத்தமே கிடையாது. அதன் அடிக்கட்டையைக் கட்டில் சட்டத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மேல் கம்பியை ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தான். கட்டில் உறுமியது. ஆமாம், உறுமியது, நான் கை வைத்துப் பார்த்தேன். பஸ் கிளம்பிவிட்டது என்று அவர் முகம் தெளிந்தது. கோட்டுச்சேரி என்றார். சின்னவன் ரைட் என்றான். பூவம் என்றார். ரைட் என்றான். செம்பனார்கோவில் போவதற்குள் தூங்கிவிட்டார்.

அப்புறம் தினமும் மத்தியானம் அதுதான். அவர் ஊர் பேரைச் சொல்லச் சொல்ல இவன் தட்டுகிறது மாறும். நிறுத்தம் வந்தால் மெதுவாகும், ரைட் சொன்னால் வேகம் எடுக்கும். அப்படித் தட்டித் தட்டி ஒரு நாள் முணுமுணுத்தான். நான் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

கோட்டுச்சேரி தாண்டியாச்சு
கூட்டம் குறையல
இறங்க வேண்டிய ஆளு மட்டும்
இன்னும் இறங்கல

கீரை என் கையில் அப்படியே நின்றது. இது எங்கேயிருந்துடா என்று கேட்டேன். சும்மாம்மா என்றான். அந்தப் பாட்டு பிறந்த இடம் அதுதான். அந்தக் கட்டிலில் உறுமின உறுமல்தான் இன்றைக்கு நீங்கள் பாட்டின் ஆரம்பத்தில் கேட்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனைத் தவிர வேறு யாரும் அதைக் கட்டியிருக்க முடியாது.

பெரியவனைக் குறை சொல்லக் கூடாது. அவனுக்கு அப்பாவை அப்படிப் பார்க்கத் தாங்காது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவான், கட்டிலுக்கு எட்டி நிற்பான், அவர் இவனையும் உள்ள போங்க என்பார், இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவர் போய்ச் சேர்ந்து காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் சின்னவன் அவனுக்கு அந்தப் பாட்டைக் காட்டினான். பெரியவன் வாயைத் திறந்து பாடினான். எங்கள் வீட்டுக்காரர் நல்லாயிருந்த நாளில் பேசின குரல் அது. அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டு எங்கள் வீட்டைத் தாண்டியிருக்காது. அதை நான் மறுக்கவில்லை.

பேண்டு மறுபடி சேர்ந்தது. யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள், பரவியது. சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். பிள்ளைகள் நாலு பேரும் இருந்தார்கள். வந்தவரில் ஒருத்தர் சின்னவனைப் பார்த்துத்தான் கேட்டார், இந்தப் பாட்டு யாரோடதுங்க என்று.

சின்னவன் சொன்னான், “அண்ணனுதுதாங்க.”

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் தம்பிக்காரன் எதையும் வெளியாள் முன்னால் தன்னுது என்று சொல்ல மாட்டான். என் கொழுந்தனார் தானே பாடுபட்டு வாங்கின வயலை, யார் கேட்டாலும் அண்ணன் வயல்ங்க என்பார். எங்கள் வீட்டுக்காரர் உடனே, சும்மா சொல்றான்ங்க, அவன் வயலு, அவன் பாடுபட்டது என்பார். கேட்கிறவருக்கும் விளங்கிவிடும். சின்னவன் ஓட்டுகிற வண்டி அவன் வாங்கினது, யாராவது கேட்டால் அண்ணன் வண்டி என்பான். அது பொய் இல்லை, மரியாதை. தம்பி கொடுக்கிறது பாதி, அண்ணன் திருப்பிக் கொடுக்கிறது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சு முடியும்.

அன்றைக்குப் பெரியவன் திருப்பிக் கொடுக்கவில்லை. காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று நின்றேன். கம்பெனிக்காரர் எழுதிக்கொண்டார். பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டது. டிரம் அடிக்கிற பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அவர்கள் கார் தெருவைத் தாண்டினதும் அவன்தான் சின்னவனைப் பிடித்துக்கொண்டான். “உன்னலாம் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா, அண்ணனுக்கே பேசி முடிச்சிட்டு வந்துருவடா” என்றான். சின்னவன் சிரித்தான். அண்ணன் அங்க போய்ச் சரியா சொல்லிக்கும் என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். வெளியாள் முன்னால் கூச்சப்பட்டிருப்பான், சென்னைக்குப் போய்ச் சொல்லிவிடுவான் என்று.

கம்பெனி பாட்டைப் பெயர் போட்டு வெளியே விட்ட அன்றைக்குச் சின்னவன் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். வேலைக்குப் போய்விட்டான்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பெயர் எழுத்துதானே என்று மனசைத் தேற்றியிருப்பேன். பிறகு பெரியவன் பேட்டி கொடுக்க ஆரம்பித்தான். டீச்சர் போனில் காட்டினார். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்ததாகவும், தான் சோறு ஊட்டினதாகவும், அவர் ஊர் பேரைச் சொல்லச் சொல்லத் தான் பாட்டுக் கட்டினதாகவும் சொன்னான். சொல்லும்போது அழுதான். நடிப்பு இல்லை, என் பிள்ளையின் அழுகை எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி அவனுக்கே அப்படி ஆகிவிட்டதோ என்னவோ. பாட்டை எடுத்துக்கொண்டான், சரி. சின்னவன் உட்கார்ந்த இடத்தையுமா எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன் போட்டுக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் பேசினான்.

“பாட்டுன்னா பாடுறதும்மா. அவன் நாலு வரி சொன்னான். அத ஊரு பூரா கொண்டுபோனது யாரு?”

“கொண்டுபோனது நீதான். யாரு குடுத்தா?”

“அவன்தானம்மா சொன்னான் அண்ணனுதுன்னு. நானா கேட்டேன்?”

“நீ இல்லன்னு சொல்லியிருக்கணும்.”

“அத்தன பேரு இருந்தாங்கம்மா” என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அத்தனை பேர் இருந்ததால்தானே சொல்ல வேண்டும்.

சின்னவனிடம் போய், நீயாவது வாயைத் திற என்றேன். என் வாயால சொல்லிட்டேன், இப்ப இல்லன்னா பொய்க்காரன்தான் ஆவேன் என்றான். கொட்டகையைப் பூட்டிவிட்டான். டிரம் பிள்ளை பொறுக்க முடியாமல், பாட்டு யார் கட்டினது என்று அவனாகவே எதிலோ எழுதிப் போட்டான். பெரியவனுக்கு இப்போது ஊர் பூரா ஆள் இருக்கிறார்கள். பொறாமை பிடித்தவன் என்று அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, அம்மா, பக்கத்துல இருந்து பாத்தது நீங்க மட்டும்தான், நீங்க சொன்னா யாரும் மறுக்க முடியாது என்றான். எனக்கும் அது சரி என்று பட்டது. யாராவது வந்து கேட்கட்டும், சொல்கிறேன் என்றேன்.

கேட்க வந்தார்கள். பெரியவனே கூட்டிக்கொண்டு வந்தான். பாடகரின் அம்மா பேசினால் நன்றாக இருக்கும் என்று ஒரு பெண்ணும், கேமராக்காரர் ஒருவரும். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கூச்சமில்லை, பயமும் இல்லை. அந்தப் பெண் மரியாதையான பெண். சொல்லுங்கம்மா என்றது. சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் படுத்தது, பஸ்ஸைக் கூப்பிட்டது எல்லாம் சொன்னேன். என் மவன் பக்கத்துலேயே உக்காந்திருந்தான், சோறு ஊட்டுவான், வாயத் தொடைப்பான் என்றேன். அப்புறம் கேமராவைப் பார்த்துத் தெளிவாகவே சொன்னேன்.

“அது என் சின்ன மவன். பாட்டக் கட்டுனதும் அவன்தான். பெரியவன் பாடுனான், நல்லா பாடுனான். கட்டுனது சின்னவன்.”

அந்தப் பெண் கேமராக்காரரைப் பார்த்தது. வாசலில் நின்ற பெரியவன் உள்ளே வந்து அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லியிருப்பான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, முகம் தெரியும். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எப்படி இழுப்பேன்.

அந்தப் பேட்டி வந்தபோது டீச்சர்தான் போனில் காட்டினார். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொன்னது இருந்தது. என் மவன் பக்கத்துலேயே உக்காந்திருந்தான் என்று நான் சொல்கிறேன், பெரியவன் படம் வருகிறது. சோறு ஊட்டுவான் என்கிறேன், அவன் என் கையைப் பிடித்திருப்பது வருகிறது. சின்ன மவன் என்று நான் சொன்னது எங்கேயும் இல்லை. முழுதும் ஓடி முடிந்தபிறகும், இன்னும் இருக்கா பாருங்க என்று டீச்சரிடம் கேட்டேன். அவ்வளவுதாம்மா என்றார். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். பெற்ற தாயே சொல்லிவிட்டாள், இனி யாரும் பேசக் கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், டிரம் பிள்ளை சொன்னதைக் கொஞ்ச பேராவது நம்பியிருப்பார்கள்.

சின்னவன் வேலை செய்கிற இடத்திலேயே அதை யாரோ காட்டிவிட்டார்கள். வந்தான், கை கழுவினான், சாப்பிட்டான். நல்லா பேசியிருக்கம்மா என்றான்.

“உன்னத்தான்டா சொன்னேன். வெட்டிட்டாங்க.”

“சரிம்மா.”

“நம்பலையா?”

“நீயும் நம்ம வீட்டு ஆளுதானம்மா” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அவன் எப்படி அண்ணனுது என்று சொன்னானோ, அப்படியே நானும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறான். அதில் தப்பே இல்லை என்றும் நினைக்கிறான். இல்லைடா, நான் சொன்னேன் என்று எத்தனை தடவை சொல்லியும் சரிம்மா, சரிம்மா என்கிறான். பெரியவனுக்குப் போன் போட்டு, நான் என்ன சொன்னேன் என்று தம்பியிடம் நீயாவது சொல் என்று கேட்டேன். வெட்டுனது அவங்கம்மா, என் கையில இல்ல, அதான் முடிஞ்சுபோச்சே என்றான். அடுத்த மாதம் வருகிறேன் என்றான். டிரம் பிள்ளை லோடு ஆட்டோ கொண்டுவந்து கொட்டகையிலிருந்த தன் டிரம் சாமானை ஏற்றிக்கொண்டு போனான். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேசினால் வெட்டுகிறார்கள், எழுதினால் யார் வெட்டுவது என்று. டீச்சர், சின்னவர் பேரைப் போடுங்கம்மா, அப்பத்தான் ஊருக்குத் தெரியும் என்றார். நியாயம்தான். பேரை எழுதினேன். எழுதினால் அதற்குப் பக்கத்தில் பெரியவன் பேரையும் எழுத வேண்டும். இன்னார் கட்டினதை இன்னார் தன்னுது என்று சொல்லிக்கொண்டான், அப்பாவைப் பார்த்துக்கொள்ளாதவன் பார்த்துக்கொண்டேன் என்று பொய் சொன்னான் என்று என் கையால் எழுத வேண்டும். அவன் பேரில் முதல் எழுத்து வரைக்கும் போனேன். அந்தப் பேரை அவனுக்கு வைத்ததே நான்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆகையால் இதிலும் சின்னவன் பேர் இல்லை.